லோடு சைக்கிள்ல சாமானும் ஆளும் ஏத்திட்டு பத்திரமா போறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சியத் தாண்டி மேக்கால போனா கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைன்னு தமிழ்நாடு எங்க முடியுது கேரளா எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாத ஊருக வரும், பேச்சும் அப்படித்தான், பாதி தமிழ் பாதி மலையாளம். இந்தப் பக்கமெல்லாம் இன்னமும் சைக்கிள்ல இளநீர் போகுது, பால் கேன் போகுது, மாட்டுக்குப் புல்லுக்கட்டு போகுது, புள்ளைக ஸ்கூலுக்குப் போகுது. இப்ப கொஞ்ச நாளா பேட்டரி சைக்கிளும், பின்னாடி நீளமா கேரியர் வச்ச வண்டியும் வாங்கறவங்க வேற இருக்காங்க. ஆனா எவ்வளவு ஏத்தலாம், எப்படிக் கட்டணும், புள்ளைய எங்க உக்கார வைக்கணும்னு தமிழ்ல ஒரே இடத்துல எழுதி வச்சது என் கண்ணுல படல, அதனாலதான் இது.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. "எனக்கு கால்ல பலம் இருக்கு, நூறு கிலோ மிதிப்பேன்"னு சொல்றவங்க நிறைய பேர். மிதிக்கிறது பிரச்சனையே இல்லீங்க, மெதுவா மிதிச்சா எதையும் இழுத்துடலாம். திடீர்னு ஒரு ஆடு குறுக்க வந்தா எத்தனை அடியில நிக்கும்ங்கறதுதான் கேள்வி. நீங்க எவ்வளவு ஏத்தலாம்ங்கறத உங்க கால் முடிவு பண்ணக்கூடாது, உங்க பிரேக்குதான் முடிவு பண்ணணும். கீழ வர்ற ஒவ்வொண்ணும் இந்தக் கணக்குலதான் வரும்.

முதல்ல வண்டி என்ன வண்டின்னு பாருங்க

நம்ம பழைய 28 இன்ச் சைக்கிள், அதுலயும் டபுள் பார் போட்டது, இரும்பு கேரியர், ரெண்டு கால் ஸ்டாண்டு, இதுதான் நம்மூரு லோடு வண்டி. வண்டி மட்டுமே 20 கிலோவுக்கு மேல இருக்கும். பின்சக்கரத்துல 40 போக்ஸ் கம்பி, முன்சக்கரத்துல 32ன்னு பழைய கணக்குல கட்டினது, அதனால பின்னாடி பாரம் தாங்கும். குறை எங்கன்னா பிரேக்குல, அதுக்கு அப்புறம் வர்றேன். லேடீஸ் சைக்கிள்ல ஏறி இறங்கறது சுலபம், ஆனா மேல் பார் இல்லாததால பாரம் ஏத்துனா நடுவுல நெளியும், ஹேண்டில் ஆட்டம் குடுக்கும். ஒரு மூட்டை வரைக்கும் சரி. கியர் வச்ச அலுமினிய சைக்கிளா இருந்தா கேரியர்ல அச்சடிச்சிருக்கிற எடையப் பாருங்க, பெரும்பாலும் 25 கிலோன்னு இருக்கும், அதுக்கு மேல ஏத்துனா கேரியர் போல்ட்டு முதல்ல முறியும். பின்னாடி ஆள உக்கார வைக்கிறதுக்கான கேரியரே இல்ல அது, இத நிறைய பேரு யோசிக்கிறதில்ல.

நீள வால் வண்டின்னு சொல்றது, பின்சக்கரத்த ஒரு முழம் பின்னாடி தள்ளி வச்சு, அந்த எடத்துல நீளமா கேரியர் வச்சது. இதோட ஒரே பெரிய லாபம், பாரம் பின் ஆக்சிலுக்கு முன்னாடி உக்காரும். பல கம்பெனி வண்டில மொத்தம் 200 கிலோன்னு போட்டிருப்பாங்க, அதப் பாத்து 200 கிலோ நெல் ஏத்தலாம்னு நினைச்சுக்காதீங்க, வண்டி எடையும் உங்க எடையும் அதுக்குள்ளதான் அடக்கம். முன்னாடி பெட்டி வச்ச வண்டியும் உண்டு, டென்மார்க்ல 1920கள்ல வந்த லாங் ஜான்ங்கற வண்டியோட வம்சம் அது. பெட்டி ரொம்ப தாழ்வா இருக்கறதால பாரம் ஏத்துனாலும் சாயாது, ஆனா முன்சக்கரம் நம்ம கையிலிருந்து தூரமா இருக்கும், முதல்ல காலி வண்டியா மைதானத்துல ஓட்டிப் பழகணும், எடுத்த எடுப்புல ரோட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

மூணு சக்கர வண்டி நின்னா சாயாது, அதனாலயே பயமில்லாம ஓட்டுவாங்க. வளைவுலதான் அதோட குணம் தெரியும். ரெண்டு சக்கர வண்டிய வளைவுக்கு சாய்க்கலாம், மூணு சக்கரத்த சாய்க்க முடியாது, அதனால வேகமா திருப்புனா உள்பக்கத்து சக்கரம் தூக்கி அப்படியே கவுரும். நடக்கிற வேகத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் திருப்பணும்.

பேட்டரி சைக்கிள் வாங்கறவங்களுக்கு ஒரு வரி: மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள, பேட்டரி இல்லாம வண்டி எடை 60 கிலோவுக்குள்ள, அரசு அங்கீகாரம் பெற்ற டெஸ்ட் ஏஜென்சில பாஸான மாடல், இப்படி இருந்தா லைசென்சும் வேண்டாம் நம்பர் பிளேட்டும் வேண்டாம். இதுக்கு மேல பவர் வச்சு ஒர்க்ஷாப்ல கிட்டு மாட்டுனா சட்டப்படி அது மோட்டார் வண்டி, செக்போஸ்ட்ல கேட்டா பதில் சொல்ல முடியாது. அதவிட, பழைய கம்பி பிரேக் சைக்கிள்ல மோட்டார் மாட்டறது எனக்கு சுத்தமா ஒப்புதல் இல்ல. போற வேகத்த கூட்டிட்டு நிக்கிற வழிய அப்படியே விட்டா என்ன அர்த்தம்?

எடை போட்டுப் பாருங்க, மனக்கணக்கு வேண்டாம்

இளநீர் ஒண்ணு ஒன்றரை கிலோவுல இருந்து ரெண்டரை கிலோ வரைக்கும் வரும், 30 காய்னா 60 கிலோ சுமாரா. 40 லிட்டர் பால் கேன் கேனோட சேத்து 50 கிலோவுக்குப் பக்கம். வீட்டு கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பும் அதே அளவு, மொத்தம் 30 கிலோன்னு வச்சுக்கங்க. தண்ணி கேன் 20 லிட்டர்னா 20 கிலோவுக்கு மேல. சிமெண்ட் மூட்டை 50. பச்சைப் புல்லுக்கட்டுதான் ஏமாத்தும், மழைல நனைஞ்ச கட்டு காஞ்ச கட்டுக்கு டபுளா கனக்கும்.

இப்ப நிக்கிற கணக்கு. 20 கிலோமீட்டர் வேகத்துல போறீங்கன்னா ஒரு செகண்டுக்கு அஞ்சரை மீட்டர் நகருறீங்க. ஆட்டப் பாத்து கை பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு செகண்டு ஆயிடும், அங்கயே அஞ்சரை மீட்டர் போச்சு. காலி வண்டி, காஞ்ச ரோடு, நல்ல பிரேக்குன்னா அதுக்கப்புறம் ஒரு அஞ்சு மீட்டர்ல நிக்கும். நீங்களும் வண்டியும் சேந்து 87 கிலோன்னு வச்சுப்போம், இன்னொரு 87 கிலோ ஏத்துனா, பிரேக் அதே பிரேக்குதானே, தூரம் டபுளாகி பத்து மீட்டர் ஆகும். மொத்தம் பதினஞ்சு பதினாறு மீட்டர், அதாவது ஒரு டவுன் பஸ்ஸ விட நீளம். அதே லோடோட 12 கிலோமீட்டர் வேகத்துல போனா எல்லாம் சேத்து ஏழு மீட்டர்ல நின்னுடலாம். லோட குறைக்க முடியலன்னா வேகத்தக் குறைங்க, வேகம் பாதியானா நிக்கிற தூரம் பாதிக்கும் கீழ போகும்.

என் கணக்கு இது: சாதா 28 இன்ச் வண்டில, ரோடு பழகுனவங்க 50 – 60 கிலோ, புதுசா ஆரம்பிக்கிறவங்க 20 கிலோ. இதவிட ஏத்தி ஓட்டறவங்க எத்தனையோ பேரு தினமும் போறாங்க, தெரியும். அவங்க வருசக் கணக்கா அதே ரோட்டுல அதே லோட ஓட்டறவங்க, ஏத்தத்துல இறங்கித் தள்ளிட்டுத்தான் போவாங்க.

வண்டிய தயார் பண்றது

கம்பி பிரேக்குல ஆரம்பிப்போம். ரிம்மோட உள்பக்கம் பிரேக் கட்டை வந்து ஒட்டற மாதிரி இருக்கும். கட்டை தேஞ்சு இரும்பு உரச ஆரம்பிச்சிருச்சான்னு குனிஞ்சு பாருங்க, சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ரெண்டு பக்கக் கட்டையும் ஒரே நேரத்துல ரிம்ல படணும். லீவர முழுசா அழுத்துனா ஹேண்டில் பாருல இடிக்கக் கூடாது, இடிச்சா நட்டத் தளர்த்தி கம்பிய ஏத்தி வைக்கணும். செக் பண்றது சிம்பிள்: வண்டில லோடு வச்சுட்டு, தள்ளிட்டு நடந்துட்டே முன் பிரேக்க மட்டும் பிடிங்க, நிக்கணும். அப்புறம் பின் பிரேக்க மட்டும். நடக்கிற வேகத்துலயே வழுக்குதுன்னா அந்த வண்டிய அன்னிக்கு எடுக்க வேண்டாம்.

இரும்பு ரிம் நனைஞ்சா கட்டை பிடிக்கவே பிடிக்காது, இது கட்டையோட தப்பு இல்ல, பளபளன்னு இருக்கிற ரிம்மோட குணமே அது. மழைல போகும்போது நடுநடுவுல லேசா பிரேக்கப் பிடிச்சு தண்ணியத் தொடச்சுட்டே போகணும், நிக்கணும்னா முன்னக்கூட்டியே ஆரம்பிக்கணும். ஜூன்ல மழை ஆரம்பிச்சா பாலக்காட்டுப் பக்கம் போகப் போக மழை கூடும், வேலந்தாவளத்துல காஞ்சு கெடக்கும், பத்து கிலோமீட்டர் மேக்க நனைஞ்சு கெடக்கும். அலுமினிய ரிம் மாத்த முடிஞ்சா மாத்திடுங்க, மழைல வித்தியாசம் நல்லாவே தெரியும். நீள வால் வண்டிகள்ல டிஸ்க் பிரேக் வரும், அதுல ஆயில் படக்கூடாது, செயினுக்கு ஆயில் விடும்போது ஒரு சொட்டு தெறிச்சாக்கூட பேடு வீணாயிடும்.

அடுத்தது சக்கரம். வண்டிய தலைகீழா போட்டு போக்ஸ் ஒவ்வொண்ணையும் விரலால மீட்டிப் பாருங்க. ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தம் குடுக்கணும். ஒண்ணு தொப்புன்னு சத்தம் குடுத்தா அது லூசு. ஒரு கம்பி லூசானா பக்கத்துல இருக்கிறதுக்கு பாரம் கூடி அது ஒடையும், அப்புறம் வரிசையா போகும். ஃப்ரீவீல் பக்கம் ஒடஞ்சதுன்னா ஃப்ரீவீல கழட்டாம புதுசு போட முடியாது, நடுரோட்டுல அது ஆகற காரியம் இல்ல. சக்கரம் கோட்டமா ஓடுச்சுன்னா சைக்கிள் கடைல கோட்டம் எடுத்துட்டு வாங்க. லோடு வண்டிக்கு அது மாசம் ஒருக்கா பண்ண வேண்டிய வேலை.

டயர்ல காத்து, பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கிற அளவுல மேல் அளவுக்குப் பக்கமா பின்சக்கரத்துக்கு அடிங்க. காத்து கம்மியா பாரம் ஏத்துனா பள்ளத்துல விழும்போது ட்யூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்கி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். பெடல் தண்டோட கோட்டரப்பின் ஆட்டமா, ஹேண்டில் கோன் ஆட்டமா, கேரியர் நட்டு இறுக்கமா, இதெல்லாம் கையால ஆட்டிப் பாத்தா ரெண்டு நிமிசம்.

ஸ்டாண்டு ரெண்டு காலாத்தான் இருக்கணும். ஒத்தக்கால் ஸ்டாண்டுல லோடு ஏத்தவே கூடாது.

லோட வைக்கிற முறை

தாழ்வா, நடுவா, ரெண்டு பக்கமும் சமமா, அசையாம. இந்த நாலும் அமைஞ்சா 60 கிலோவும் பேசாம வரும், ஒண்ணு தப்புனா 15 கிலோவே ஆட்டிப் பாக்கும்.

ஏன்னு சொல்றேன். கேரியர்ல வைக்கிற பாரம் பின் ஆக்சிலுக்கு நேர் மேல, இல்ல அதுக்கு முன்னாடி இருந்தா முன்சக்கரம் ரோட்ட பிடிச்சிட்டு இருக்கும். ஆக்சிலுக்குப் பின்னாடி போயிட்டா ஏத்தத்துல முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில திருப்புனா வண்டி கேக்காது, ரொம்பப் பின்னாடி போனா வண்டி முன்னங்கால தூக்கிடும். அதனால மூட்டைய சீட்டுக்கு ஒட்டி முன்னாடி தள்ளி வைங்க. முதுகுல இடிச்சாலும் பரவால்ல.

இளநீர்தான் நம்ம பக்கத்து முக்கியமான லோடு, அதனால அத கொஞ்சம் விலாவாரியா. குலையா இருந்தா கேரியர் மேல குறுக்கால ஒரு கெட்டி மரக்கட்டையோ மூங்கிலோ வச்சு கேரியரோட சேத்து ரெண்டு எடத்துல கட்டிடுங்க, அந்தக் கட்டைல ரெண்டு பக்கமும் ஒரே அளவு குலை தொங்கணும். காய எண்ணி பங்கு போடாதீங்க, எடை போட்டுப் போடுங்க, ஏன்னா ஒரு பக்கம் பெருங்காயும் மறுபக்கம் சின்னக்காயுமா விழுந்தா எண்ணிக்கை சரியா இருந்தும் அஞ்சாறு கிலோ வித்தியாசம் வந்துடும். தொங்கற குலை பின்சக்கரத்துல உரசாம இருக்கணும், அதுக்கு சக்கரத்தோட ரெண்டு பக்கமும் கம்பி வலையோ பழைய சாக்குல தச்ச தடுப்போ போடுங்க. உங்க குதிகால் பெடல் சுத்தும்போது குலைல இடிக்குதான்னும் ஒருக்கா மிதிச்சுப் பாத்துக்கங்க. காய் உதிரியா இருந்தா வலைப் பையிலயோ சாக்குலயோ போட்டு வாயத் தச்சுடுங்க, உருண்டு விழுந்த ஒரு இளநீர் பின்னாடி பைக்ல வர்றவன கவுத்துடும்.

ஹேண்டில் பாருல நாலு காய தொங்க விடற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. தயவு பண்ணி விட்டுடுங்க. அது ஊசலாடி ஹேண்டில அதுபாட்டுக்கு திருப்பும், பை முன்சக்கரக் கம்பிக்குள்ள போனா நீங்க ஹேண்டிலுக்கு மேல போய் விழுவீங்க. அப்புறம் அருவாள். வெட்டற கொடுவாள கேரியர்ல சும்மா செருகி வச்சுட்டுப் போறாங்க. கீழ விழுந்தா அது எங்க நிக்கும்னு யோசிங்க. பழைய டயர்த் துண்ட ஒறையா மாட்டி, கூர்முனை பின்னாடி பாக்காம கீழ பாக்கற மாதிரி பார்ல சேத்துக் கட்டுங்க.

பால் கேன்: நெறஞ்ச கேன் பிரச்சனை இல்ல, பாதி கேன்தான் பிரச்சனை. உள்ள பால் அலம்பும், நீங்க திரும்பி முடிச்ச பின்னாடி அது திரும்பும். ரெண்டு கேன்ல பாதிப் பாதி கொண்டு போறதுக்கு பதிலா ஒண்ண நெறச்சுட்டு, இன்னொரு பக்கம் அதே எடைக்கு வேற ஏதாச்சும், தவிட்டு மூட்டை மாதிரி, தொங்க விடுங்க. சிலிண்டர் எப்பவும் நிமுந்துதான் இருக்கணும், வால்வு மேல, மூடி போட்டு. ஒத்த சிலிண்டர ஒரு பக்கக் கொக்கில தொங்க விட்டா 30 கிலோ ஒரே பக்கம் இழுக்கும், ஓட்டற ஆளு அத உடம்ப சாச்சு சமாளிப்பான், ஆனா திடீர்னு இறங்க வேண்டி வந்தா வண்டி அந்தப் பக்கம்தான் விழும்.

நீளமான சாமான், பிவிசி பைப்பு, மூங்கில், ஏணி, இதெல்லாம் சைக்கிள்ல வேண்டாம்னு சொல்லுவேன். தவிர்க்க முடியலன்னா பாருக்கு இணையா கட்டி, ஹேண்டில் ரெண்டு பக்கமும் முழுசா திரும்புதான்னு பாத்து, பின் நுனில செவப்புத் துணி கட்டி, தள்ளிட்டே போங்க.

கட்டறது

தேங்காய் நார்க் கயிறு இழுத்துக் கட்டுனா வழுக்காது, ஆனா நனைஞ்சா ஒரு மாதிரி காஞ்சா ஒரு மாதிரி, கட்டு லூசாகும். நைலான் கயிறு பலம், முடிச்சு நழுவும். எனக்குப் பிடிச்சது பழைய ட்யூப்ப நீளமா கீறுனது, ரெண்டு விரல் அகலத்துக்கு. இழுத்துக் கட்டுனா லோடு அமுங்க அமுங்க அதுவும் கூடவே இறுகும், பஞ்சர் கடைல கேட்டா சும்மாவே தருவாங்க. கனமான லோடுக்கு கயிறும், அதுக்கு மேல ட்யூப்பும். ரெண்டு முனைலயும் கொக்கி வச்ச ரப்பர் கயிறு கடைல விக்கிது, லேசான பைக்கு ஓகே, இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவுனா நேரா கண்ணுலதான் அடிக்கும், மூஞ்சிய பக்கத்துல வச்சுட்டு மாட்டாதீங்க.

கீழ ஒரு கட்டு, மேல ஒரு கட்டு, குறுக்க ஒரு கட்டு, குறைஞ்சது மூணு. கட்டு லோட கேரியரோட சேத்துப் பிடிக்கணும், லோட லோடோட சேத்துக் கட்டுனா மொத்தமா சரியும். மிச்சக் கயிறு தொங்கவே கூடாது, சுருட்டி உள்ள செருகுங்க, அது செயின்லயோ ஃப்ரீவீல்லயோ சிக்குனா சக்கரம் அங்கயே பூட்டிக்கும். கட்டி முடிச்சுட்டு சீட்டப் பிடிச்சு வண்டிய ரெண்டு பக்கமும் ஆட்டுங்க. வண்டியும் லோடும் ஒண்ணா ஆடணும், லோடு தனியா ஆடுனா அவுத்துட்டு மறுபடி. கிளம்பி ஒரு கிலோமீட்டர்ல நிறுத்தி ஒருக்கா இழுத்துப் பாருங்க, எந்த லோடும் முதல் கிலோமீட்டர்ல அமுங்கும்.

ஓட்டறது

பின்னாடி லோடு ஒசரமா இருந்தா வழக்கம் போல காலத் தூக்கி பின்பக்கமா போட முடியாது. ரோட்டோரத்துல கல்லோ திண்டோ பாத்து, முதல்லயே பார் மேல காலப் போட்டு நின்னுட்டு, ஒரு பெடல மேல கொண்டு வந்து, பின்னாடி வண்டி வரலன்னு பாத்துட்டு, ஒரே மிதியா மிதிங்க. முதல் பத்தடிதான் ஆட்டம், வேகம் பிடிச்சா நேராகிடும். ஸ்டாண்டு எடுக்கும்போது பாரம் தூக்கிட்டு முன்னாடி ஓடும், அப்ப கை முன் பிரேக்குல இருக்கணும்.

பிரேக்க ரெண்டையும் சேத்துப் பிடிங்க. காலி வண்டில முன் பிரேக்குதான் முக்காவாசி வேலை செய்யும், பின்னாடி பாரம் ஏறுனா பின்சக்கரம் நல்லா ரோட்ட அமுக்கறதால பின் பிரேக்கும் நல்லா கேக்கும். வளைவுக்குள்ள போய் பிரேக் பிடிக்காதீங்க, வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சு முடிச்சுடுங்க. ஸ்பீடு பிரேக்கர், எங்க ஊர்ப் பக்கம் நூறடிக்கு ஒண்ணு இருக்கும், நேரா ஏறணும், சீட்டுலருந்து லேசா எந்திரிச்சுக்கணும். தண்டவாளத்த சாய்வா கடந்தா சக்கரம் இடுக்குல மாட்டும், நேர்குத்தா கடக்கணும், மழைன்னா இறங்கித் தள்ளுங்க.

இப்ப காத்து. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலைல 30 கிலோமீட்டருக்கு மேல அகலமான ஒரு வாசல், மேக்க இருந்து வர்ற காத்தெல்லாம் இந்த வழியாத்தான் நம்ம மேல வந்து விழுது, அதனாலதான் உடுமலை பல்லடம் வரைக்கும் காத்தாடிய நட்டு வச்சிருக்காங்க. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது இந்தப் பக்கம் சும்மா பேச்சுக்கு இல்ல. பொள்ளாச்சி கடல் மட்டத்துக்கு மேல 290 மீட்டர் கிட்ட, பாலக்காடு 80 சொச்சம், ஆக மேக்க போறது மொத்தத்துல இறக்கம்தான், ஆனா ஆடில எதிர்காத்து அந்த இறக்கத்த தின்னுடும். ஆபத்து எதிர்காத்துல இல்ல, பக்கக் காத்துலதான். தோட்டத்து மரத்துக்கு நடுவுல போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, வயக்காடு வந்து ரோடு வெட்டவெளியாகும்போது பக்கத்துல இருந்து ஒரே தள்ளு. 40 கிலோமீட்டர் வேகக் காத்து ஒரு சதுர மீட்டர் பரப்புல ஏழெட்டு கிலோ பாரமா தள்ளும். புல்லுக்கட்டோ அட்டைப் பெட்டியோ அந்தப் பரப்பு ஈசியா வந்துடும், எடை கம்மியா இருக்கேன்னு ஒசரமா அடுக்கினா அதுதான் மோசம். ஆடி மாசத்துல ஒசரத்துல பாதி வைங்க, ரெண்டு நடையா போங்க. மார்கழி தையில காத்து திரும்பி கெழக்க இருந்து அடிக்கும், அதுவும் சாதாரணம் இல்ல.

வைக்கோல் லாரி, கேரளாவுக்குப் போற காய்கறி லாரி, இதெல்லாம் ஒட்டிக் கடக்கும்போது முதல்ல வெளிய தள்ளும், கடந்த உடனே உள்ள இழுக்கும். லாரி சத்தம் பின்னாடி கேட்டதுமே ஹேண்டில இறுக்கமா இல்லாம உறுதியா பிடிச்சு, ரோட்டு விளிம்புல இருந்து ரெண்டடி உள்ளயே நேரா போங்க. ஒரேயடியா ஓரத்துக்குப் போனா தார் முடிஞ்சு மண் ஆரம்பிக்கிற படில சக்கரம் இறங்கி லோடோட சாயும். கேரளப் பக்கம் ரோடு குறுகலு, வளைவு சாஸ்தி, பிரைவேட் பஸ் வர்ற வேகம் உங்களுக்கே தெரியும். வளைவுல எதிர்ல பஸ் ஹாரன் கேட்டா இறங்கி நின்னுடறதுல ஒரு மானக்கேடும் இல்ல.

ஆழியாறுல இருந்து வால்பாறை போற 40 கொண்டை ஊசி வளைவுல லோடு சைக்கிள்ல இறங்கலாமான்னு கேப்பாங்க. கூடாது. நிறுத்தாம பிரேக் பிடிச்சா ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும், டிஸ்க்கா இருந்தா பேடு சூடாகி பிடிப்பு போயிடும். பஸ் மேல ஏத்தி விட்டுடுங்க.

ஆள் ஏத்தறது

மூட்டை அசையாது, ஆள் அசைவாங்க. இத மனசுல வச்சுட்டு ஆரம்பிங்க.

பெரியவங்க கேரியர்ல உக்காரும்போது முடிஞ்ச அளவுக்கு சீட்டுக்கு ஒட்டி முன்னாடி உக்காரணும். ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காந்தா பாரம் நடுவுல இருக்கும், அதுக்குப் பின் ஆக்சில்ல கால் வைக்கிற கட்டை மாட்டிக்கங்க, கால் தொங்கிட்டே இருந்தா கம்பிக்குள்ள போகும். சேலை கட்டினவங்க ஒருபக்கமாத்தான் உக்காருவாங்க, அப்ப காலு இடது பக்கம் இருக்கணும், வலது பக்கம் வண்டிக போற பக்கம். சேலை கார்டு, வலையோட இருக்கிறது, கண்டிப்பா வேணும். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்து இடுப்புல செருகியாகணும். துப்பட்டா பின்சக்கரத்துல சுத்தி கழுத்த இறுக்கி உயிருக்கே ஆபத்தான கேஸ் நம்ம நாட்டு ஆஸ்பத்திரிக நிறைய பாத்திருக்கு, இது சைக்கிளுக்கும் உண்டு பைக்குக்கும் உண்டு. பிடிக்கிறதுக்கு ஓட்டறவங்க இடுப்பு, இல்ல சீட்டுக்குக் கீழ இருக்கிற கம்பி. சீட்டு ஸ்பிரிங்க பிடிச்சா விரல் நசுங்கும்.

கிளம்பினப்புறம் ஓடி வந்து ஏறறது நம்ம ஊரு பழக்கம். வயசுப் பசங்க டபுள்ஸ் போகும்போது செய்வாங்க. லோடு இருந்தாலோ ஏறறவங்க வயசானவங்களா இருந்தாலோ வேண்டாம். நீங்க பார் மேல காலப் போட்டு ரெண்டு காலும் தரைல ஊனி, ரெண்டு பிரேக்கும் பிடிச்சு நில்லுங்க, அவங்க ஏறி உக்காந்து "ம், போலாமுங்க"ன்னு சொன்னப்புறம் எடுங்க. இறங்கும்போது முதல்ல அவங்க, அப்புறம் நீங்க. பள்ளமோ ஸ்பீடு பிரேக்கரோ வந்தா முன்னாடியே சொல்லுங்க, "அமுச்சி, தூக்கிப் போடும், பிடிச்சுக்குங்க"ன்னு. பின்னாடி இருக்கிறவங்களுக்கு ரோடு தெரியாது.

குழந்தைக விசயத்துல நான் கொஞ்சம் கறார்தான். ஒரு வயசு ஆகாத குழந்தைய சைக்கிள்ல ஏத்தவே வேண்டாம், கழுத்து அந்தக் குலுக்கலத் தாங்காது. அதுக்கு மேல, பின்னாடி மாட்டற குழந்தை சீட்டுக பெரும்பாலும் 22 கிலோ வரைக்கும்னு போட்டு வரும், பெல்ட்டும் கால் வைக்கிற கிண்ணமும் இருக்கும், கால் பெல்ட்டயும் மாட்டணும். சைக்கிள்ல பின்னாடி உக்கார்ற குழந்தைகளுக்கு அடிக்கடி ஆகற அடி, குதிகால் கம்பிக்குள்ள போய் ஆகறது. ஒரு செகண்டுல தோலோட பிச்சுட்டு வந்துடும், ஆற மாசக்கணக்காகும். சீட்டு வாங்க வசதி இல்லாதவங்க கேரியர்ல தலகாணி கட்டி உக்கார வைப்பாங்க, அப்படியே ஆனாலும் சக்கரத்தோட ரெண்டு பக்கமும் மெல்லிய தகடோ கெட்டி பிளாஸ்டிக்கோ வச்சு மூடுங்க. இந்த வழிகாட்டில ஒண்ணே ஒண்ணுதான் செய்வேன்னா இதச் செய்ங்க.

முன்னாடி பார்ல மாட்டற குட்டி சீட்டுல சின்னக் குழந்தை கண்ணு முன்னாடியே இருக்கும், பேசிட்டே போகலாம். ஆனா முன்சக்கரக் கம்பிக்குள்ள கால் போகாத அளவுக்கு கால்தாங்கி வேணும். பார்ல துண்ட சுத்தி உக்கார வைக்கிறதுல அது இருக்காது. தலைக்கு சைக்கிள் ஹெல்மெட், சின்ன சைஸ் கோயமுத்தூர்ல பெரிய சைக்கிள் கடைகள்ல கிடைக்கும். பெரியவங்க பைக் ஹெல்மெட்ட மாட்டி விடாதீங்க, சின்னக் கழுத்துக்கு அது பாரம்.

குழந்தைய ஸ்டாண்டு போட்ட வண்டில உக்கார வச்சுட்டு கடைக்குள்ள போகவே கூடாது, ஒரு நிமிசம்கூட. "கண்ணு, ஆடாம இரு"ன்னு சொன்னா கண்ணு ஆடாம இருக்குமா? ஏத்தும்போது கடைசில குழந்தை, இறக்கும்போது முதல்ல குழந்தை. குழந்தையும் சாமானும் சேந்து போகணும்னா சாமான் தாழ்வா ரெண்டு பக்கப் பைல, குழந்தைக்குப் பின்னாலயோ மேலயோ கனமா எதுவும் வைக்கக் கூடாது, கொக்கி வச்ச கயிறு அது கைக்கு எட்டற எடத்துல இருக்கக் கூடாது. தூங்கிடுச்சுன்னா தலை ஒரு பக்கமா தொங்கும், நிறுத்தி எழுப்பிடுங்க.

இருட்டுனா

பின்னாடி இருக்கிற செவப்பு ரிஃப்ளெக்டர லோடு மறைச்சுடும், இத யாரும் கவனிக்கிறதில்ல. லோடு மேலயே, கடைசி விளிம்புல, பேட்டரி செவப்பு லைட்டு ஒண்ணு மாட்டுங்க, மூட்டைக்கு மேல லாரிக்கு ஒட்டற செவப்பு ரிஃப்ளெக்டர் டேப்ப ஒரு துணில ஒட்டி கட்டி விட்டாலும் போதும். முன்னாடி வெள்ளை லைட்டு. பெடல்ல மஞ்ச ரிஃப்ளெக்டர் இருந்தா அது மேல கீழ போறதப் பாத்தே தூரத்துல இருந்து சைக்கிள்னு தெரியும்.

நிறுத்தி இறக்கறது

சரிவுல நிறுத்தாதீங்க, வேற வழி இல்லன்னா முன்சக்கரம் மேட்டப் பாக்கணும், சக்கரத்துக்கு அடில கல்லு. மழை பெஞ்ச மண்ணுல ஸ்டாண்டு கால் ஒண்ணு மட்டும் புதைஞ்சு வண்டி மெதுவா சாஞ்சு விழும், ஸ்டாண்டுக்கு அடில பலகைத் துண்டோ தென்ன மட்டையோ போடுங்க. இறக்கும்போது ஒரு பக்கக் குலைய முழுசா எடுத்துட்டு அப்புறம் மறுபக்கம்னு போனா வண்டி உங்க மேலயே வரும், மாத்தி மாத்தி எடுங்க. தனியா இருந்தா இறக்கற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுவத்துலயோ மரத்துலயோ சாச்சுக்கங்க. இறக்கி முடிச்சதும் கயிறையும் ட்யூப்பையும் கேரியர்ல சும்மா சுத்தி விடாம அவுத்து பைல போட்டுடுங்க, காலி வண்டிலதான் வேகமா போவோம், அப்பதான் தொங்கற கயிறு சக்கரத்துல சிக்கும்.